பழைய பிழை

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை இன்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, அது நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்றது தோன்றாது. 1987-ல் பதின்மூன்று நிலையும் எழும்பிய பிறகு, பழைய மொட்டைக் கோபுரத்தைப் போட்டோவில் பார்த்தால்தான் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் நினைத்தால் பழையதை எழுப்பி ஓட்டியே பார்க்கலாம் என்று என் மருமான் சொன்னபோது, ஜம்பம் என்று நினைத்தேன்.

அவன் உத்தர வீதி மாடியறையில் உட்கார்ந்து, கடைகளில் பில் போடும் புரோகிராம் எழுதுகிறவன். தில்லைநகரில் ஒரு மருந்துக் கடை. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு மாதாமாதம் பணம் குறைந்தது. இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. மூன்றாம் மாதம் போலீஸ் என்றார். "மிஷின் சொன்னதைத்தான் ஸார் கொடுத்தேன்" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மருமான் தன்னிடம் போட்டுப் பார்த்தான். கணக்கு சரியாக வந்தது. வராமல் என்ன? இவனிடம் இருந்தது புதிது. கடையில் ஓடியது இரண்டு வருஷப் பழசு.

இதற்குத்தான் 'கிட்' இருக்கிறது. லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் செய்தது. ஒவ்வொரு திருத்தத்தையும், யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு காப்பாற்றி வைக்கும். கடைக்கு அனுப்பிய அன்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால், பெயரைச் சொன்னதும் அன்றைய புரோகிராம் வந்து நிற்கும்.

"அது மட்டும் போறாது மாமா. அன்றைய டேட்டாபேஸ் வேணும், அவ போட்ட அதே பில் வேணும்" என்றான். ஒரு நாள் பூராவும் அதற்கே போயிற்று.

சாயங்காலம் பிழை அகப்பட்டது. தள்ளுபடியில் 90 ரூபாய்க்கு வாங்கிய மருந்தைத் திருப்பினால், திரை 100 கொடு என்றது; கணக்கு 90-தான் கழித்தது. எப்போது நுழைந்தது? ஏறக்குறைய ஆயிரம் திருத்தங்கள். நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டு, சரியாக இருந்தால் பிற்பாதி, தப்பாக இருந்தால் முற்பாதி, அதையும் பாதியாக்கு. இதற்குக் கிட்டிலேயே 'பைசெக்ட்' என்று ஒரு கட்டளை. பத்துத் தடவையில் ஆள் பிடிபட்டான்: விலையைப் பெரிய எழுத்தில் காட்டுவதற்காக யாரோ மாற்றிய ஒரு வரி!

இங்கிலாந்தில் கிளைத் தபாலாபீஸ் நடத்தியவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஹொரைசன் என்ற கணக்குப் புரோகிராம் பணம் குறைகிறது என்று காட்ட, 1999-லிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். புரோகிராமின் பிழைகளாலும் அப்படிப் பணம் குறைந்திருக்கிறது என்று லண்டன் ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னபோது 2019 டிசம்பர் ஆகிவிட்டது.

தில்லைநகர் முதலாளி பிடித்த பணத்தைக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் இருக்கிறாள். பணம் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும், செல்போனில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறாளாம்.