மின்யானோ வழியாக

ரோமிலிருந்து நேப்பிள்சுக்கு வேக ரயில் இருக்கிறது. நான் கசினோ வழியாகப் போகும் மெதுவான வண்டியில்தான் ஏறுவேன். மலை உச்சியில் மடம் தெரியும். 1944 பிப்ரவரி 15 அன்று குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியதைப் போர் முடிந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளி மின்யானோ. இத்தாலிக்கு வந்து தெரிந்துகொண்ட பெயரில்லை இது. காஞ்சிபுரம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில், 'மிக்னானோ' என்று தாத்தா வாயால் கேட்டது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி எடுத்தவர். அந்தப் படையில் எல்லாருமே 'தம்பி'கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் தன்னைவிட மூத்தவர்களைக்கூடத் தம்பி என்றே கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படி என்னைக் கூப்பிட இப்போது ஆளில்லை.

விளக்கு போன இரவுகளில் சுபேதார் சுப்பிரமணியன் கதை வரும். அவர் எங்கள் வட்டாரத்துக் கீழ ஒட்டிவாக்கத்துக்காரர். மடத்தில் குண்டு விழுந்த அதே மாதம், பிப்ரவரி 24 அன்று, மின்யானோ பக்கம் சாப்பர்கள் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கால் பட்டுவிட்டது. பட்டவுடன் வெடிக்காமல் நாலு நொடி கழித்து வெடிக்கிற ஜாதி. சுப்பிரமணியன் அதன்மேல் குப்புறப் பாய்ந்தார். கூட இருந்தவர்களைத் தன் உடம்பால் காப்பாற்றிவிட்டுப் போனார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்தது.

தாத்தா வேறு கம்பெனி. நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் திண்ணையை உள்ளங்கையால் தட்டி எண்ணுவார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலைத் தட்டமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாலுக்காகக் காத்திருப்போம்.

உள்ளேயிருந்து பாட்டி குரல் வரும். "நிறுத்துங்க. அவரு பொண்டாட்டிக்கு யாரு போய்ச் சொன்னா? அன்னிக்கு அது சோறு தின்னுச்சா, இல்லியா? அதைச் சொல்லுங்க."

"பதக்கத்தை வைஸ்ராய் வேவல் கையால அந்தம்மாதான் வாங்குனாங்க."

"அது சரி." முறத்தை ஒரு தட்டு தட்டுவாள்.

அந்தத் தட்டில் பாட்டியின் சொந்தப் போர் இருந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால், மணியார்டரா, காகிதமா, வேறெதுவுமா என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற வருஷங்கள். எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் தபால்காரர்தான் வாசிப்பார். தணிக்கைக்காரர்கள் அடித்துவிட்ட வரிகள் வந்தால், "இங்க வெறும் மையாக் கிடக்கு தாயி" என்பாராம். அந்த இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது எல்லாம் கைக்குள் இருக்கிறது. தேடினால் அந்தப் பதக்கத்துக்கான பாராட்டுரை நொடியில் வந்துவிடும். நாள், இடம், யார் எங்கே நின்றார்கள் என்பதுவரை. நாலு நொடிக்கு அத்தனை விவரம். சுப்பிரமணியன் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார், அனுப்பிய பணம் எந்தக் கடனுக்குப் போனது, அந்த அம்மா பிறகு எப்படி வாழ்ந்தார் என்பதையெல்லாம் அரசாங்கக் காகிதத்தில் யார் எழுதப்போகிறார்கள்? அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் பாட்டி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள், அடுக்களையிலிருந்தபடியே கதையின் நடுவில் புகுந்து கேட்டவள்.

இங்கே வண்டிக்குள் கதகதப்பு, நல்ல காபி, குறையொன்றுமில்லை. ஆனால் மூணுக்குப் பிறகு துண்டை உதறும் அந்தச் சத்தம்...

போன வாரம் ஊரில் இருக்கும் பெரியத்தைக்குப் போன் செய்தேன். பாட்டி கேட்டதற்குத் தாத்தா வேறு ஏதாவது பதில் சொன்னதுண்டா என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீதானேடா அவரு காலடியிலயே உக்காந்திருப்ப," என்றாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."