புல்லைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று கடல் இல்லை. அது கிழக்கே சில கிலோமீட்டர் ஒதுங்கிவிட்டது. சுற்றிலும் வாழைத் தோட்டம், வயல், குளம். ஏரல் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் புல்தரை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். ஒரு மேஸ்திரி, இரண்டு இளைஞர்கள், நான்கு பெண்கள். வேனிலிருந்து புல் சுருள்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

பச்சைப் பசேலென்று இருந்த ஒன்றைத் தொட்டு, "இது நல்லா இருக்கே" என்றேன்.

"மேல பாக்காதீங்க சார், திருப்பிப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

அடியில் வேர் வெள்ளையாக, வலைபோலப் பின்னியிருக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் கிழியக் கூடாது. அடிமண் தடிமனாக இருந்தால் நல்லது என்றுதான் வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மெல்லிய மண்ணோடு வரும் புல்தான் சீக்கிரம் கீழே வேர்விடும். ஒரு சுருளை விரித்து முகர்ந்தும் பார்த்தார். சுருட்டி வைத்த புல் உள்ளுக்குள் சூடேறும். புளித்த வாடை அடித்தால் அது வெந்துபோன சரக்கு. இந்த வெயிலில் வெட்டிய மறுநாளுக்குள் விரித்துத் தண்ணீர் காட்டியாக வேண்டும்.

அடுத்தது இனம். கொரியன் புல் மெத்தென்று இருக்கும். ஆனால் மிதிபட்ட இடம் தேற நாளாகும். பிள்ளைகள் ஓடியாடும் தரைக்கு பெர்முடா, அதாவது நம் வரப்பு அருகம்புல்லின் சாதி. மைதானங்களில் பெயர்பெற்ற டிஃப்வே 419 என்ற கலப்பினம் அமெரிக்காவின் டிஃப்டனில் உருவாகி 1960இல் வெளிவந்தது. அது விதை தராது. தண்டாகவோ சுருளாகவோதான் பரப்ப முடியும். பெர்முடாவுக்கு நிழல் ஆகாது என்பதால் மாமரத்தடிக்கு அகல இலைப் பஃபலோ புல். புன்னைக்காயல் பக்கம்போல் உப்புத் தண்ணீர் என்றால் பாஸ்பலம். விம்பிள்டன் டென்னிஸ் திடல்களில் 2001 முதல் முழுக்க ரை புல்தான். அது குளிர்நாட்டுப் புல், நம் சித்திரை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது.

விளையாட்டுத் திடலுக்குக் கணக்கே வேறு. தண்ணீர் வடிவதற்காக மணல் தளம் அமைத்துவிட்டு, அதன்மேல் களிமண்ணோடு வந்த சுருளை விரித்தால் அந்தக் களிமண் அடுக்கே தண்ணீரைத் தேக்கிவிடும். மணலில் வளர்த்த சுருள், இல்லையென்றால் மண் கழுவிய சுருள் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை எந்தத் திடலும் தாங்காது. வழக்கமான ஐப்பசி மழையாவது வடிய வேண்டாமா?

இளைஞர்கள் தரையைச் சமன்செய்து, வரிசைக்கு வரிசை இணைப்பு மாறி வரும்படி விரித்து, உருளை ஓட்டினார்கள். பெண்கள் ஒவ்வொரு சுருளின் அடியையும் விரலால் தடவிக் கறுப்புக் கிழங்குகளைப் பொறுக்கினார்கள். கோரைக் கிழங்கு. இதன் உயரமான உறவுதான் பத்தமடையில் பாயாகிறது. புல்தரையில் இதுவே பெரிய எதிரி. இலையைக் கிள்ளினால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். ஒரு கிழங்கிலிருந்து சங்கிலியாக அடுத்தடுத்த கிழங்குகள் ஓடும்.

"கோரை உள்ள சுருளு விலை கம்மிதான் தம்பி. பொறவு மாசாமாசம் குனிஞ்சு பிடுங்கப் போறது நாங்கதான" என்றார் மூத்தவர்.

சதுர அடிக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பவரின் கணக்கில் அந்தக் களைக்கூலி வருவதில்லை. சுருள் வாங்கப் போகிறவர் இந்தப் பெண்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒருநாள் சம்பளம் கொடுத்தாலும் லாபம்தான்.