இது லாலாங் இல்லை, அம்மா!

மெல்பர்னில் வேலை பார்க்கும் தம்பி, டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு எங்களை அழைத்திருந்தான். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் பிலிப் தீவு. அதன் மேற்கு முனையான நோபீஸில் இறங்கினோம். கோடைக்காலம் என்றார்கள், காற்று அம்மாவின் சால்வையைப் பிடுங்கியது.

"இவ்வளவு லாலாங்கை வெட்டாம விட்டிருக்காங்களே!"

இளவயதில் தோட்டத்தில் லாலாங் வெட்டியவர் அம்மா. பலகைப் பாதையில் குனிந்து ஓர் இலையை விரலால் உருட்டிப் பார்த்ததும் தாமே திருத்திக்கொண்டார். "இது ஓடுற வேர் இல்ல. கொத்துக் கொத்தா நிக்குது."

சரிதான். இது போவா பாய்ஃபார்மிஸ் என்னும் கடலோரப் புல். தென் ஆஸ்திரேலியக் கரைகளில் உப்புக்காற்று நேராக அறையும் சரிவுகள்தாம் இதன் வீடு. நீலம் கலந்த பச்சை இலை, ஊசிபோல் உள்பக்கம் சுருண்டிருக்கும். அதனால் ஈரம் எளிதில் போகாது. வேரோ மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

படம் எடுக்கும் ஆசையில் ஒரு காலைப் புல்மேல் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பணியாளர் சத்தம் போட்டார். புற்களுக்கிடையே ஷியர்வாட்டர் பறவைகளின் வளைகள் இருக்கின்றனவாம். அலாஸ்கா பக்கம் வரை பறந்து திரும்பும் பறவை, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். டிசம்பரில் அடைகாக்கும் நேரம். மிதித்தால் வளை இடிந்துவிடும். வெட்கமாகிவிட்டது.

இந்த முனையில் முன்பு வீடமைப்புப் பகுதியே இருந்தது. பென்குயின்கள் குறைந்துகொண்டே போனதால், 1985-இல் விக்டோரியா அரசு அந்த வீடுகளையும் மனைகளையும் வாங்கத் தொடங்கி, 2010-இல் முடித்தது. வீடு, சாலை எல்லாவற்றையும் அகற்றி, இந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். தம்பி இதைச் சொன்னபோது அம்மா கேட்டார்:

"வீட்டுக்காரங்களுக்குக் காசு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"நம்ம லயத்தை இடிச்சப்ப?"

தம்பிக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு லாரியில் ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. பதில் சொல்லாமல் நடந்தோம்.

இரவு ஒன்பது மணிக்குமேல் சம்மர்லண்ட் கடற்கரையில் பென்குயின்கள் கரையேறின. ஒரு முழ உயரம்கூட இல்லை. தள்ளாடி மேலேறி, ஒவ்வொன்றாகப் புதருக்குள் மறைந்தன. படமெடுக்க அனுமதி கிடையாது. கிள்ளான் திரும்பிய பிறகு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா கையால்தான் அளவு காட்டினார். பென்குயினுக்கு முழங்கால்வரை, புல்லுக்கு இடுப்புவரை.