கணியூர் முதல் ஓலப்பாளையம் வரை... உடுக்கை பேசும் பாதை!

மடத்துக்குளத்தில் பஸ் ஏறிக் கணியூரில் இறங்கினால், இது திருப்பூர் மாவட்டம்தானா என்று சந்தேகம் வரும். பனியன் கம்பெனி இரைச்சல் இல்லை. அமராவதி ஆறு, அதிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், நெல் வயல், தென்னந்தோப்பு. தாராபுரம் தாண்டிக் காங்கேயம் பக்கம் போகப் போகப் பச்சை குறைந்து, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள் வந்துவிடும்.

ஈரமும் வறட்சியுமான இந்தக் கொங்கு மண் முழுவதற்கும் பொதுவான சொத்து ஒன்று உண்டு. அதுதான் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். ஆசான் பாட, பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பாடுவார். பாடம் எல்லாம் காது வழிதான்.

காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965-ல் இந்தக் கதையைப் பாடகர்கள் பாடப் பாட டேப்பில் பதிவு செய்தார். பின்னாளில் அது புத்தகமானது. 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் வந்தது.

அமெரிக்காவின் பருத்திக்காட்டுப் பாட்டான புளூஸுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1941-ல் ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பிக்குப் போய், பண்ணை வேலை பார்த்துவந்த மடி வாட்டர்ஸின் பாட்டைப் பதிவு செய்தார். குரலும் ஒற்றைக் கிட்டாரும் மட்டுமே உள்ள பழைய புளூஸ் பதிவுகளில், கட்டை விரல் கீழ் சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். வேறு வாத்தியம் மறைக்காததால் அந்தக் கீழ் சுரம் தெளிவாகக் கேட்கும். பேஸ் கிட்டார் பழகுகிறவர்கள் இவற்றைக் கேட்டும் பழகலாம்.

உடுக்கைக்கும் அதே வழி பொருந்தும். இடுப்புக் கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். செல்போனின் சின்ன ஸ்பீக்கர் அந்த இறங்கும் ஒலியை விழுங்கிவிடும். இயர்போன் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். முதலில் கனமான அடிகளை மட்டும் தொடையில் தட்டிப் பழகினால், மற்ற அடிகள் தானாக இடத்தில் உட்காரும். பாட்டு கடைசியில் வரட்டும்.

பாடுகிற பெரியவர் போய்விட்டால், பதிவு இல்லாத இடத்தில் வாத்தியாரும் இல்லை. ஊர் நோம்பியில் உடுக்கைப் பாட்டு நடந்தால், பாடுகிறவரிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்யலாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் ஒலி சிதறும். பாடுகிறவருக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. அவர் பெயர், ஊர், தேதியைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிந்துவிட்டால், பேரன் காலத்திலும் குழப்பம் வராது.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் வீரப்பூர், மணப்பாறைக்குப் பக்கம். அங்கே மாசியில் திருவிழா. போகிறவர்கள் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகட்டும்!