பேலம் குகையில் சொன்ன பொய்



இந்தப் பயணம் எம் இளைய மகன் கண்ட ஒரு காணொளியில் தொடங்கியது. நியூசிலாந்து நாட்டின் வைட்டோமோ குகைகளில், தலையில் விளக்கு அணிந்து, காற்றடைத்த ரப்பர் டியூபில் அமர்ந்தபடி மக்கள் இருண்ட நீரோடையில் மிதந்து செல்கின்றனர். விளக்கை அணைத்ததும் குகையின் கூரையெங்கும் நீலப் புள்ளிகள் மின்னுகின்றன. "அத்தா, நாமும் போகலாமா?" என்றான்.

மதரஸா ஆசிரியரின் ஊதியம் நியூசிலாந்து வரை எட்டாது என்பதை எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அந்த உயிரைப் பற்றிப் படித்துக் கூறினோம். அது புழு அன்று. கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் இளம் பருவம். பசை பூசிய மெல்லிய இழைகளைத் தொங்கவிட்டு, தன் வால்முனை ஒளியால் பூச்சிகளை ஈர்த்துப் பிடித்து உண்கிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மட்டுமே வாழ்கிறது. நம் மின்மினியோ வண்டினம். அடி அண்ணாமலையில் நாம் சிறுவனாக இருந்தபோது, மழை விட்ட இரவுகளில் வேலியோரம் மின்மினிகள் மொய்க்கும். இன்று கிரிவலப் பாதை விடிய விடிய விளக்கொளியில் இருக்கிறது. எம் பிள்ளைகள் மின்மினியைக் கண்டதே இல்லை.

"குகையாவது காட்டுங்கள்" என்றாள் பதினொரு வயது மகள். ஆகவே அரையாண்டு விடுமுறையில், சுப்ஹு தொழுதுவிட்டு ஆந்திரத்தின் பேலம் குகைக்குப் புறப்பட்டோம். வேலூர், சித்தூர், கடப்பா வழியாக நெடும்பயணம். கண்டிக்கோட்டையில் பெண்ணாறு பாறையைப் பிளந்தோடும் பள்ளத்தாக்கையும் கோட்டைக்குள் இருக்கும் ஜாமிஆ மஸ்ஜிதையும் மறுநாள் கண்டோம். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பேலத்தில் மலை இல்லை. வயல்வெளியின் நடுவே பள்ளங்கள், அவற்றுள் ஒன்றில் இறங்கும் படிகள், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் நெடுங்காலமாகக் கரைத்துக் குடைந்த குகை இது. 1884ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் இதனைப் பற்றிப் பதிவு செய்தார். கண்டறியப்பட்ட நீளம் 3229 மீட்டர். பார்வையாளர் செல்லக்கூடியது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். உள்ளே குளிர்ச்சி இருக்கும் என்று எண்ணியது தவறு. புழுக்கத்தில் சட்டை உடலோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளிதோறும் கஹ்ஃபு அத்தியாயம் ஓதுகிறோம். குகைத் தோழர்கள் எவ்வளவு எளிதாகக் குகைக்குள் ஒதுங்கினார்கள் என்று மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். "எளிதாக" என்பது நாமே சேர்த்துக்கொண்ட சொல் என்பது அன்றுதான் விளங்கிற்று.

குகையின் ஆழமான இடம், ஏறத்தாழ 46 மீட்டர் கீழே, பாதாள கங்கை என்னும் சிற்றோடை. அதற்குச் செல்லும் வழி குறுகலாகி, குனிந்து செல்ல வேண்டியதாயிற்று. முன்னே ஆட்கள், பின்னே ஆட்கள். திடீரென்று மூச்சு முட்டியது. பாறை இறங்கி வருவதாகத் தோன்றிற்று. பிள்ளைகளுக்கு முன்னால் அஞ்சுவதா? "கால் சுளுக்கிக்கொண்டது, நீங்கள் போய் வாருங்கள்" என்றோம். பொய்யைக் குறித்து வாரந்தோறும் பாடம் நடத்தும் அதே வாயால்.

எம் துணைவியார் மகனை அழைத்துக்கொண்டு முன்னே சென்றார். மகளோ, "அத்தாவுடன் இருக்கிறேன்" என்று திரும்பிவிட்டாள். அகன்ற கூடத்தில் ஒரு கல்லில் இருவரும் அமர்ந்தோம். அவள் எம் பாதத்தை நீவிவிட்டாள். மூச்சு சீரானதும், "இப்போது நீ மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லியிருக்கலாம். சுளுக்கு எங்கே என்று துணைவியார் கேட்பாரே என்ற எண்ணத்தில் அதையும் சொல்லவில்லை. மகன் முழங்கால் நனைய ஓடி வந்து, தண்ணீர் பாறைக்குள் எப்படி மறைகிறது என்று கை வீசிக் கூறியபோது அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

வெளியே வந்து, ஒளூ செய்து, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். அன்று ஸஜ்தாவில் மனம் நிலைகொள்ளவில்லை.

இரவு கடப்பா விடுதியில் மகள் ஒரு வாளியில் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் தாங்கவில்லை. "சுளுக்கு இல்லையம்மா. அத்தா பயந்துவிட்டேன்" என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தாள். "இடது கால் என்றீர்கள், ஏறும்போது வலது காலை நொண்டினீர்கள். அப்போதே நினைத்தேன்" என்றாள். பின்னர் அவள் கண்கள் கலங்கின. "பயம் என்று சொல்லியிருந்தால் அம்மாவை உங்களுடன் இருக்கச் சொல்லிவிட்டு நான் தம்பியோடு போய்ப் பார்த்திருப்பேனே அத்தா."

எமக்கு விடை கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம். வெந்நீரை வீணாக்க வேண்டாமென்று துணைவியார் தம் கால்களை அதில் வைத்துக்கொண்டார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த அரையாண்டு விடுமுறையில் மீண்டும் பேலம் செல்லவிருக்கிறோம். மகள் பாதாள கங்கை வரை செல்வாள். நாம் அந்தக் கல்லில் அமர்ந்திருப்போம். மகன் டியூபை இன்னும் விடவில்லை. வீட்டின் அருகே பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒன்றுக்கு விலை பேசி வைத்திருக்கிறான்.