கணக்கில் வராத பயணி

பதினான்கு வருடமாக எங்கள் ஊர் ரயிலுக்காக மனு எழுதிவருகிறவன் நான். அதில் ஏழரை வருடம், ஒரே ஒரு மாதம் நீங்கலாக, டிக்கெட் எடுக்காமல் அதே ரயிலில் போய்வந்தவனும் நான்தான். முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஏழரை என்றால் சனி பிடித்தது என்பார்கள். என்னை ஒரு சனியும் பிடிக்கவில்லை. நானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது இது.

ஊர் கல்லிடைக்குறிச்சி. வேலை பார்த்தது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில், கணக்குப்பிள்ளையாக. காலையில் செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறினால் வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன், ஜங்ஷன். சாயங்காலம் அதே வரிசை தலைகீழாக. முதலாளியின் பேரேட்டில் ஐம்பது பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். என் சொந்தக் கணக்கு தினமும் இரண்டு வேளை உதைத்துக்கொண்டிருந்தது. அதைத் தேடவில்லை.

மீட்டர்கேஜ் காலத்தில் நான் ஒழுங்காக சீசன் டிக்கெட் எடுத்தவன்தான். அகலப்பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் பஸ்ஸில் நசுங்கினோம். அப்போதுதான் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ‘பாதையைச் சீக்கிரம் முடியுங்கள்’ என்று மனு எழுத ஆரம்பித்தோம். எழுத்து கோவையாக வரும் என்பதால் பேனா என் கைக்கு வந்தது. 2012இல் அகலப்பாதையில் வண்டி திரும்பி வந்த நாளில் நடைமேடையில் நின்று கைதட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்த மாதமே டிக்கெட் எடுப்பதை விட்டுவிட்டேன்.

எப்படி விட்டேன் என்பதைச் சொல்ல ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணி. மேற்கேயிருந்து வருகிற வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறினால், காற்று நம் பக்கம் அடிக்கும் நாளில் அந்தத் தடதடப்பு காதில் விழும். பாலத்துச் சத்தம் கேட்டுவிட்டால் கவுன்ட்டரில் நிற்க நேரமில்லை, நேரே நடைமேடைக்கு ஓடவேண்டியதுதான். முதல் நாள் உண்மையாகவே தாமதம். ஓடி ஏறினேன், யாரும் கேட்கவில்லை, ஜங்ஷனில் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தேன். இரண்டாம் நாள் பாதித் தாமதம். அதற்குப் பிறகு பாலத்துச் சத்தத்துக்குத் தகுந்தபடி வீட்டைவிட்டுக் கிளம்பப் பழகிக்கொண்டேன். சீக்கிரம் வந்துவிட்ட நாளில் டீக்கடையில் நின்று கடைசி வாயை மெதுவாக உறிஞ்சுவேன், பாலம் கேட்கும்வரை. கேட்டதும் ஓடுவேன். பார்க்கிறவர்களுக்கு, பாவம் நேரமாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

காசில்லாமல் செய்யவில்லை. 10 ரூபாய் டிக்கெட் அது. பஸ்ஸில் போனால் அதைவிடக் கூட. மாத சீசன் 300 ரூபாய்க்குள். அந்தக் காசில் நான் ஒன்றும் கோட்டை கட்டவில்லை. எங்கே போயிற்று என்றுகூடத் தெரியாது.

எங்கள் பெட்டியில் ஓர் ஆச்சி வருவார். நம் ஊர் அப்பளத்தைக் கட்டுக்கட்டாகத் துணியில் சுற்றி, ஓலைக்கூடையில் அடுக்கி, டவுனில் வீடுவீடாகக் கொடுப்பவர். அப்பளம் நொறுங்காமலிருக்கக் கூடையை மடியிலேயே வைத்திருப்பார். டிக்கெட்டை மடித்துத் தாலிக்கயிற்றில் சொருகியிருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி தெனமும் ஓடி வாறீயளே, சீசனா?”

“ஆமா ஆச்சி.”

“அதான் நல்லது. எனக்குந்தான் சொன்னாவ எடுக்கச் சொல்லி. போட்டோ கேக்காவளாம். நா எங்க போயி போட்டோ புடிக்க?”

அன்றைக்கு ஜங்ஷன் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது பேச்சுக்காக. ஒரு சந்தேகமும் இல்லை. அதனால்தான் உறுத்தியது. உறுத்தல் பேட்டை தாண்டியதும் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு முறை மாட்டினேன். டிக்கெட்டோடு 250 ரூபாய் அபராதம். வீட்டில் ஆடிட்டிங் புத்தகம் வாங்கினேன் என்று சொன்னேன். புத்தகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் மனுக்கள் போய்க்கொண்டேயிருந்தன. கூடுதல் பாசஞ்சர் வேண்டும், காலை வண்டியின் நேரத்தை அலுவலக நேரத்துக்கு ஒத்து மாற்றவேண்டும், இந்த வழியாகப் போகும் தூரத்து வண்டிகள் எல்லாம் எங்கள் ஊரில் நிற்கவேண்டும், நடைமேடைக்குக் கூரை வேண்டும். பின்னாளில் அம்பாசமுத்திரம், நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் வந்தபோது ‘அம்பைக்கு மட்டும் என்ன, நாங்கள் என்ன இளப்பமா?’ என்று கூட்டத்தில் உரக்கக் கேட்டதும் நான்தான். மனுவில் எப்போதும் ஒரு வரி எழுதுவேன்: ‘தினமும் ஆயிரக்கணக்கான பயணிகள் இந்நிலையத்தைப் பயன்படுத்துகிறார்கள்.’ ஆயிரக்கணக்கு என்பதை எண்ணிப் பார்த்தவன் யார்? கடையில் சரக்கு மூட்டையை எண்ணாமல் ஒருநாளும் பேரேட்டில் ஏற்றாதவன், ஊர் ஜனத்தை எண்ணாமல் ஏற்றினேன்.

மதுரைக் கோட்டத்துக்கு மனுப் போட்டுப் போட்டு, அங்கே எப்படி யோசிப்பார்கள் என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. ஒரு விரைவு வண்டியை ஒரு நிலையத்தில் நிறுத்திக் கிளப்புவதற்குச் செலவு உண்டு, நேரமும் போகும். எங்களுடையது ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி ஒதுங்கியாகவேண்டும், ஒன்று பிந்தினால் வரிசையாக எல்லாம் பிந்தும். ஆகவே நிறுத்தம் கேட்டால், அங்கே விற்கிற டிக்கெட் அந்தச் செலவைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். சில சமயம் ஆறு மாதம் சோதனை முறையில் நிறுத்திப் பார்ப்பார்கள். எம்.பி. தொகுதி நிதியில் கூரை கேட்கலாம், பெஞ்சு கேட்கலாம். வண்டியைக் கேட்க முடியாது. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்தார்கள். டெல்லியில் பெட்டி எங்கே மாறினாலும், எங்கள் ஊரிலிருந்து மேலே போய்ச்சேருகிற சாட்சி ஒன்றுதான்: கவுன்ட்டரில் விற்ற டிக்கெட். அந்தச் சாட்சியை நான் தினமும் கலைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலுக்கு ஒருநாளும் நான் காசு கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்குப் போக முன்பதிவு செய்வேன். அதுவும் திருநெல்வேலியிலிருந்து. ஜங்ஷன்வரை காரில் போய் அங்கே ஏறுவேன். அந்த டிக்கெட்டும் கல்லிடைக்குறிச்சிக் கணக்கில் வராது. 2016 வாக்கில் டிக்கெட்டின் அடியில் ஒரு வரி அச்சடிக்க ஆரம்பித்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்ப வருகிறது என்று. ‘ஜனங்களைக் குத்திக்காட்டுகிறார்களே’ என்று கோபப்பட்டு அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். 57 சதவீதம் கொடுக்கிறவர்களின் சார்பில் எழுதினேன்; நான் பாசஞ்சரில் கொடுத்தது பூஜ்யம்.

மனுக்களில் ஊர்ப் பெருமையை விடவே மாட்டேன். 1902இல் திருநெல்வேலியிலிருந்து போட்ட பாதை முதலில் எங்கள் ஊரோடுதான் நின்றது; அடுத்த வருடம்தான் செங்கோட்டைக்குப் போயிற்று, 1904இல் மலையைக் குடைந்து புனலூர். ஓராண்டுக்கு மேல் கல்லிடைக்குறிச்சிதான் கடைசி நிலையம். இதை எத்தனை மனுவில் எழுதியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்திலேயே கிடந்த இன்னொரு சரித்திரத்தை நான் ஒரு மனுவிலும் எழுதியதில்லை. அந்தக் காலத்தில் ஜில்லா போர்டுகள் தாங்களே ரயில் போட்டன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையோடு ரயிலுக்கென்று தனி வரி போட்டு, சேர்ந்த பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை கொண்டுவந்தது, அது 1894. நம் திருநெல்வேலி ஜில்லா போர்டு முதல் போட்டதுதான் 1923இல் திறந்த திருச்செந்தூர்ப் பாதை. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சொத்து ஜில்லாவுடையது. இன்றைக்குப் பிராந்திய ரயிலுக்கு யார் பணம் போடுவது, மத்திய அரசா மாநில அரசா என்று பேசுகிறோம். ரயிலில் ஏறாத சம்சாரியும் ரயிலுக்குக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ரயிலில் ஏறிய நான் கொடுக்கவில்லை. அந்தச் சரித்திரத்தை எழுதப்போனால் பேனா என் பக்கம் திரும்பும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது அந்த ஒரு மாதத்துக்கு வருகிறேன்.

2019இல் எங்கள் குழுவுக்கு ஒரு தம்பி வந்து சேர்ந்தான். இன்ஜினியரிங் முடித்து நெல்லையில் வேலை. என் மனுவைப் படித்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: “அண்ணாச்சி, எழுத்து நல்லாருக்கு. ஆனா ஆயிரக்கணக்குன்னா அவங்க நம்ப மாட்டாங்க. சீசன் வச்சிருக்கவங்க டிக்கெட்டை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து மனுவோட இணைப்போம். மொதல்ல உங்களோடதக் குடுங்க.”

“வீட்ல இருக்கு தம்பி. நாளைக்குத் தாறேன்.”

அன்று சாயங்காலம் ஜங்ஷனில் வரிசையில் நின்று சீசன் எடுத்தேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. மறுநாள் நகல் எடுக்கும்போதுதான் பார்த்தேன், எடுத்த தேதி பளிச்சென்று தெரிந்தது. நேற்றைய தேதி. “பழசு முடிஞ்சது, நேத்துதான் புதுப்பிச்சேன்” என்று கேட்காமலேயே சொன்னேன். அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். பதினாறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவில் ஐந்தே நகல். அதில் முதல் நகல் என்னுடையது. அந்த மாதம் முழுக்க நான் ராஜா மாதிரிப் போனேன். பாலம் கேட்பதற்கு முன்னாலேயே நடைமேடைக்கு வந்துவிடுவேன். மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. என் தப்புகளிலேயே பெரிய தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தெரியாமல் தொடங்கியதை, நன்றாகத் தெரிந்து மறுபடியும் தொடங்கினேன்.

2020 மார்ச்சில் நாடு முழுக்க வண்டிகள் நின்றன. திரும்பி வந்தபோது பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம். குறைந்தது 30 ரூபாய். நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் 30 ரூபாய் ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறது என்று உருகி உருகி நான் எழுதிய மனுவைப் போல இன்னொன்று நான் எழுதியதில்லை. ஆச்சியை நினைத்துத்தான் எழுதினேன். அது பொய்யில்லை. 2024 பிப்ரவரியில் கட்டணம் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் உட்கார்ந்து பாக்கியைக் கணக்குப் போட்டேன். சீசன் விலையில் போட்டால் 25,000 ரூபாயைத் தாண்டவில்லை. கட்டிவிடலாம். தினமும் இரண்டு டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போட்டால் சில வருடத்தில் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அதுவும் பொய்க்கணக்கு என்று பிறகுதான் உறைத்தது. ஏறாத பயணியை ஏறியதாகக் காட்டுவது. பணம் திரும்பிப் போகும். அந்த வருடங்களில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆள் ஏறினான் என்ற சாட்சி போகாது. முடிந்த வருடத்தின் பேரேட்டை மூடிக் கையெழுத்துப் போட்டபிறகு யாரும் திறக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கோப்புகளை எல்லாம் அந்தத் தம்பியிடமே ஒப்படைத்துவிட முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன் என் சீசன் நகலில் அந்தத் தேதியை, ஆடிட்டர் சுழிப்பதுபோல், சிவப்பு மையில் சுழித்தேன். அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். பாலத்துச் சத்தம், ஆச்சி, அபராதம், எல்லாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மற்ற நகல்களைப் புரட்டிக் காட்டினான்.

“அப்பவே பாத்துட்டேன் அண்ணாச்சி. உங்களோடது மட்டுமில்ல. இந்த ரெண்டும் அதே வாரத்துத் தேதிதான்.”

பார்த்தேன். ஆமாம். என் தேதியை மறைப்பதிலேயே இருந்ததால் அடுத்தவர் தேதியை நான் படித்ததே இல்லை.

அப்போது எனக்கு வந்தது வெட்கமில்லை. அப்பாடா என்று இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.