கடலில்லாத பட்டணம்

பட்டினம் என்றால் கடற்கரை ஊர், பட்டணம் என்றால் நகரம் என்று பிரித்துச் சொல்வது மரபு. சேலத்தை அடுத்த எங்கள் அயோத்தியாப்பட்டணம் இரண்டாம் வகை. கடல் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடலரிப்பு என்பது எங்களுக்கு நாளிதழில் படித்துவிட்டு மறக்கும் செய்தி. தரங்கம்பாடிக்குச் சென்று வந்த பிறகு அப்படி மறக்க இயலவில்லை.

அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளை அடுக்கியிருக்கிறார்கள். சற்று வடக்கே, காவிரியின் முகத்தில் பூம்புகார். இந்திரவிழா எடுக்க மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று காரணம் சொல்கிறது மணிமேகலை. நம் காலத்தில் மறக்கப்பட்டது எது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. ஏறக்குறைய ஒரு சாண். சுவரில் அளந்தால் ஒரு சாண் அற்பம். சமதளமான டெல்டாவில் அப்படியல்ல. புயலலை அந்தச் சாண் மீது ஏறி நின்று ஊருக்குள் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைவெள்ளம் வடிய வேண்டிய முகத்துவாரத்தில் கடல் எதிர்த்து நிற்க, வயல்களில் தண்ணீர் தேங்குகிறது.

ஆனால் கரை கரைவதற்குக் கடல் மட்டுமே காரணமன்று. கடற்கரை என்பது ஓயாது நகரும் மணல். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. போன மணலுக்கு ஈடாக ஆறுகள் புதுமணல் கொண்டுவந்தால்தான் கரை நிலைக்கும். இடையில் கல்லைக் கொட்டினால் ஓர் ஊர் தப்பும், அதற்கு வடக்கிலுள்ள ஊர் பட்டினி கிடக்கும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியபின் நகரத்துக் கடற்கரை மறைந்தது இவ்வாறுதான்.

டெல்டாவுக்கு மணல் தரவேண்டிய ஆறு காவிரி. அதை மறித்து 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணை எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. டெல்டாவின் பாசனத்துக்காகவே அணை எழுந்தது. நீரை முறைப்படுத்தித் தந்தது, வண்டலையும் மணலையும் தன் அடியில் நிறுத்திக்கொண்டது. அணையைத் தாண்டிக் கீழே எஞ்சிய மணலை லாரிகள் அள்ளின. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றின் சுவர்களில் பூசியிருப்பது, எங்கோ ஒரு குப்பத்தின் முன்னால் கரையாக விரிந்திருக்க வேண்டிய மணல்.

மேட்டூரின் நீர்மட்டத்தை 120 அடியில் எத்தனை அடி என்று நாளிதழ்கள் நாள்தோறும் அச்சிடுகின்றன. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையிலும் அதைப் படிக்காமல் யாரும் எழுவதில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், கடலுக்குப் போய்ச் சேராத மணலின் கணக்கும் அச்சாக வேண்டும்.